ஸ்கேனில் நீர்க்கட்டி... ஆபரேஷன் வேண்டுமா?

கேள்வி: வயது 24. மாதவிடாய் 50, 60 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஸ்கேனில் நீர்க்கட்டி என்கிறார்கள். ஆபரேஷன் செய்தால் சரியாகுமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: ஆபரேஷன் பேச்சே இப்போது வேண்டாம். ஸ்கேனில் தெரிபவை, சினைப்பையில் முட்டை முழுதாக வளராமல் நின்றுபோன சிறு பைகள். தள்ளிப்போகும் மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி (தாடையில் முரட்டு முடி, அல்லது ரத்தத்தில் கூடுதல் டெஸ்டோஸ்டிரோன்), ஸ்கேனில் இந்தப் பைகள்: மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை).

அப்படி முடிவுசெய்யும் முன் தைராய்டு, புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) பார்த்தாக வேண்டும். அவை கெட்டாலும் மாதவிடாய் தள்ளும். முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுத்தால் லேபில் சொல்லுங்கள், தைராய்டு ரிசல்ட்டையே அது மாற்றிக் காட்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எடுத்த டெஸ்டோஸ்டிரோன் அளவையும் நம்ப முடியாது.

பிசிஓஎஸ் இருந்தால் சர்க்கரை நோய்க்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதையும் பாருங்கள்; வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, 2 மணி நேரம் கழித்தும் ரத்தம் கொடுங்கள். நடுவில் காபி, டிபன் கூடாது. வாந்தி வந்தால் வேறொரு நாள்தான்.

மாதவிடாய் 90 நாளைத் தாண்ட விடாதீர்கள். கருப்பை உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்து, டாக்டர் மாத்திரை தந்து வரவழைப்பார். மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய்க்கும் தரும் மாத்திரை) எழுதினால் சாப்பாட்டோடு போடுங்கள், வெறும் வயிற்றில் குமட்டும்.

எடை கூடுதல் என்றால் 80 கிலோவில் 4 கிலோ குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராகத் தொடங்கும். வாரம் 150 நிமிடம் வேக நடை. சில்வர் பீச்சில் பஜ்ஜியோடு உலாத்துவது இதில் சேராது!