பத்து விரலையும் அறியும் மேசை: வீட்டிலேயே செய்ய முடியுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், பள்ளியில் அறிவியல் ஆசிரியர். கண்காட்சிக்காக, நாலைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் விரலால் படம் வரையும்படி ஒரு தொடுதிரை மேசை செய்ய ஆசை. பழைய புரொஜெக்டர், வெப்கேம், 17 அங்குல எல்சிடி மானிட்டர் ஆகியவை கைவசம் உள்ளன. மானிட்டரைப் பிரித்து அதன் பின்னால் கேமராவை வைத்துவிடலாம் என்கிறான் ஒரு மாணவன். சரிவருமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். மானிட்டரை மட்டும் விட்டுவிடுங்கள். மாணவன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. எல்சிடி பலகையின் ஊடாக அகச்சிவப்பு ஒளி கடந்துபோகும். ஆனால் பழைய மானிட்டர்களில் பின்னொளி தருவது மெல்லிய குழல் விளக்குகள். அவற்றை எரியவைக்கும் சர்க்யூட்டில் பல நூறு வோல்ட் ஓடும், குழல் உடைந்தால் உள்ளே பாதரசம். பிள்ளைகள் சுற்றி நின்று செய்யும் வேலைக்கு அது ஆகாது. புரொஜெக்டர் இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கையில் பிடித்து, மேலிருந்து சாய்வாக உள்பக்கச் சுவரைப் பாருங்கள். சுவர் வெள்ளிபோல் மின்னும். வெளியே இருக்கும் உங்கள் விரல் தெரியாது. விரலை அழுத்தினால், கண்ணாடியில் ஒட்டிய இடத்தில் மட்டும் ரேகை துல்லியமாகத் தெரியும். ஒளி வெளியேறாமல் உள்ளேயே திரும்புவதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர். அதை விரல் குலைக்கிறது, அவ்வளவுதான். இதே தத்துவத்தை வைத்து 2005-ல் ஜெஃப் ஹான் என்ற ஆய்வாளர், பல விரல்களை ஒரே நேரத்தில் அறியும் செலவு குறைந்த பல்தொடு திரையைச் செய்து காட்டினார். மாணவர்களுக்கு முதலில் இந்த டம்ளரைக் காட்டிவிடுங்கள். மேசையில் பாதி அப்போதே புரிந்துவிடும்.

டம்ளருக்குப் பதிலாக அக்ரிலிக் பலகை. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.49, மாறுநிலைக் கோணம் ஏறக்குறைய 42 டிகிரி, அதாவது பரப்பின் செங்குத்துக் கோட்டிலிருந்து இதைவிடச் சாய்ந்து படும் ஒளி வெளியேறாது. விளிம்பு வழியே செலுத்திய அகச்சிவப்பு ஒளி உள்ளேயே எதிரொளித்து ஓடும். விரல் பட்ட இடத்தில் சிதறிக் கீழே இறங்கும். கீழே இருக்கும் கேமராவுக்கு ஒவ்வொரு விரலும் ஒரு வெள்ளைப் புள்ளி.

60க்கு 45 செ.மீ. அளவு போதும். தடிமன் 8 அல்லது 10 மி.மீ. இருக்கட்டும், ஒளி தரும் 5 மி.மீ. அகச்சிவப்பு எல்இடி விளிம்புக்குள் அடங்கவும் வேண்டும், பிள்ளைகள் கை ஊன்றினால் வளையாமலும் இருக்க வேண்டும். நேம் போர்டு செய்யும் கடைகளில் அளவுக்கு வெட்டித் தருவார்கள். வெட்டிய விளிம்பு சொரசொரப்பாக இருக்கும். அதை அப்படியே விட்டால் ஒளி உள்ளே நுழையாமல் வாசலிலேயே சிதறிவிடும். 400, 800, 1500 என்று உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுப் படிப்படியாகத் தேய்த்து, கடைசியில் பாலிஷ் போடுங்கள். விளிம்பு வழியாக எதிர்ப்பக்கம் தெளிவாகத் தெரியும்வரை கையை எடுக்காதீர்கள். இந்தத் திட்டத்தில் பலரும் அவசரப்படும் இடம் இதுதான்.

850 நானோமீட்டர் அலைநீள எல்இடி வாங்குங்கள். சாதாரண கேமராக்கள் 940-ஐவிட இதை நன்றாக உணரும். நீளப் பக்கங்கள் இரண்டிலும் 2.5 செ.மீ.க்கு ஒன்று என 48 தேவைப்படும். ஒவ்வொன்றும் சுமார் 1.4 வோல்ட் எடுக்கும் என்பதால் ஆறாறாகத் தொடரில் கோத்து, 12 வோல்ட் அடாப்டரில் ஒவ்வொரு தொடருக்கும் 68 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 53 மில்லி ஆம்பியர் பாயும். எட்டுத் தொடருக்கும் சேர்த்து அரை ஆம்பியர்கூட ஆகாது. பற்றவைத்த இடங்களில் வார்னிஷ் தடவிவிடுங்கள், நம் ஊர்க் கடற்காற்று செம்பைச் சும்மா விடாது. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாததால் கண் கூசாது, இமையும் மூடாது. எரியும் எல்இடியை நெருங்கி உற்றுப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். லேசர் வைத்தும் செய்வார்கள். பள்ளிக்கு அது வேண்டவே வேண்டாம்.

வெப்கேமின் லென்ஸைத் திருகி எடுத்தால் அதன் பின்பக்கத்தில் சாய்த்துப் பார்க்கும்போது சிவப்பு அல்லது நீலச் சாயல் காட்டும் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு இருக்கும். அகச்சிவப்பைத் தடுப்பது அதுதான். மெல்ல நெம்பி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பழைய கலர் ஃபிலிம் நெகட்டிவின் கன்னங்கரிய முனையை இரண்டு மடிப்பாக வெட்டி வையுங்கள். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை விடும், இனி புரொஜெக்டர் படம் கேமராவைக் குழப்பாது. ஃபோகஸ் மாறியிருக்கும், திருப்பிச் சரிசெய்யுங்கள். டிவி ரிமோட்டைக் கேமரா முன் அழுத்தினால் அதன் முனை பளிச்சென்று தெரிய வேண்டும்.

காய்ந்த விரல் அக்ரிலிக்கில் சரியாக ஒட்டாது, புள்ளி மங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த விரல் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அது விட்டுப்போகும் ஈரத் தடமும் புள்ளியாகத் தெரியும். இரண்டுக்கும் ஒரே மருந்து: டிரேசிங் தாளின் ஒரு பக்கத்தில் சிலிக்கோனை மெல்லிய படலமாக உருட்டி, நன்றாகக் காயவிட்டு, அந்தப் பக்கம் அக்ரிலிக்கைத் தொடும்படி விரிப்பது. படமும் அந்தத் தாளிலேயே விழும். சிலிக்கோன் வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள், வாடை கடுமை.

60 டிகிரி பார்வைக் கோணமுள்ள வெப்கேம், 60 செ.மீ. அகலத்தை முழுதாகப் பார்க்க, பலகையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்க வேண்டும். புரொஜெக்டருக்கு இன்னும் தூரம் வேண்டும். பெட்டிக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி வைத்து ஒளியைத் திருப்புங்கள்.

மென்பொருளுக்கு கம்யூனிட்டி கோர் விஷன் என்ற பழைய இலவச நிரல் உண்டு. புள்ளிகளைக் கண்டுபிடித்து, டியூயோ என்ற நெறிமுறையில் 3333-ஆம் போர்ட் வழியே அனுப்பும். பிராசஸிங் மொழியில் அதைப் பெற்று வரையும் நிரல் எழுதலாம். பைத்தான் தெரிந்த மாணவன் இருந்தால் படங்களை ஆராய உதவும் ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுப்பை வைத்துத் தானே எழுதட்டும் என்பேன்: காலிப் பலகையின் படத்தைக் கழி, வெளிச்ச அளவுக்கு ஒரு வரம்பு வை, மிஞ்சும் புள்ளிகளின் மையத்தைக் கண்டுபிடி. அவனுக்கு அதில் கிடைக்கும் படிப்பு பெரிது.

வகுப்பில் தினமும் பாடம் நடத்தத்தான் தொடுதிரை வேண்டும் என்றால் இத்தனை பாடு வேண்டாம்; டிவி மேல் பொருத்தும் அகச்சிவப்புச் சட்டம் ரெடிமேடாகக் கிடைக்கிறது, யுஎஸ்பி-யில் செருகினால் போதும். பிள்ளைகள் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றால் உங்கள் மேசைதான் சரி.

கண்காட்சி அறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். வெயிலிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு ஏராளம். ஜன்னலோரத்தில் வைத்தால் பலகை முழுக்க வெள்ளையாகிவிடும். எல்இடி விளக்கு எரியும், ஜன்னலைத் திரை போட்டு மூடக்கூடிய அறையாகப் பாருங்கள். மேசையை அங்கே வைத்த பிறகுதான் வெளிச்ச வரம்பையும், கேமரா பார்ப்பதைப் புரொஜெக்டர் படத்தோடு பொருத்தும் மூலைப் புள்ளிகளையும் கடைசியாகச் சரிசெய்ய வேண்டும். அதன்பின் கேமரா ஒரு நூலளவு நகர்ந்தாலும் கோடு விரலை விட்டு விலகும், மறுபடியும் முதலிலிருந்து.