ஹைலக்ஸ் மைலேஜ்: டயர் மாற்றிய பின் கணக்கும் மாறும்

டயர் மாற்றிய பின் உங்கள் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் மைலேஜ் குறைந்துவிட்டது, இன்ஜெக்டரைக் (இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் பாகம்) கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லிட்டருக்கு 10 கி.மீ. தருவதாக நீங்கள் போட்ட கணக்கு, உண்மையில் ஏறக்குறைய 10.3.

265/65 ஆர்17 டயர் இருந்த இடத்தில் 265/70 போட்டிருக்கிறீர்கள் (இரண்டாவது எண் கூடினால் டயரின் பக்கச்சுவர் உயரமாகும்). சக்கரத்தின் விட்டம் சுமார் 26 மி.மீ. கூடிவிட்டது. ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டருக்கு அது தெரியாது, 100 கி.மீ. ஓடினால் 97தான் எண்ணும். இந்தக் கணக்குப் பிழை போக மைலேஜில் மிச்சமிருக்கும் குறைவுக்குப் பெரும்பாலும் நீங்கள் போட்ட ஆல் டெரைன் (கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற) டயரின் கனமும் உருளும்போது தரும் இழுப்பும்தான் காரணம். இதற்காக இன்ஜெக்டரைக் கழற்ற விடாதீர்கள், வீண் செலவு.

1. டேங்க்கை நிரப்புங்கள், பம்ப் தானாக நின்றதும் போதும்.
2. 300 கி.மீ. கழித்து அதே பங்கில் நிரப்பி, ஜிபிஎஸ் காட்டும் தூரத்தை லிட்டரால் வகுங்கள். அப்புறம், டயர் சூடாகும் முன் காற்றையும் பாருங்கள்.

ஒரே டேங்க்கை வைத்து முடிவெடுக்க வேண்டாம், குறைந்தது மூன்று டேங்க்காவது பாருங்கள். ஸ்பீடோமீட்டரும் முன்பைவிடக் குறைத்துக் காட்டும், கவனம். கரும்புகை வந்தால் மட்டும் கதை வேறு. உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.