குமுளிக் கடைக்கு மட்டும் ஒரு சதவீதம்

கேள்வி: எங்கள் மின்சாதனக் கடைக்குக் கம்பம், கூடலூர், குமுளி என மூன்று கிளைகள். பில்லிங் மென்பொருளை நானே எழுதுகிறேன். வரி விகிதம், பில்லின் மொழி, தள்ளுபடி வரம்பு, பிரிண்டர் என்று அமைப்புகள் எல்லாம் ஒரே வரிசை கொண்ட அட்டவணையில் இருக்கின்றன. அமைப்புக்கு ஒரு நெடுவரிசை. ‘பெயர், மதிப்பு என இரண்டே நெடுவரிசை போதும்’ என்கிறான் நண்பன். எது சரி ஐயா?
– வாசகர், கம்பம்

பதில்: இரண்டையும் பார்ப்பதற்கு முன்னால், தம்பி, வரி விகிதத்தை அங்கிருந்து வெளியே எடுங்கள். அது அமைப்பே அல்ல. கேரள எல்லைக்குள் இருக்கும் உங்கள் குமுளிக் கடையே சாட்சி. கேரள அரசு 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை வெள்ள செஸ் என்ற கூடுதல் வரியை வசூலித்தது. 18 சதவீத ஜிஎஸ்டி உள்ள மிக்சியைக் கேரளத்துக்குள் ஒரு வீட்டுக்காரருக்கு விற்றால் கூடுதலாக 1 சதவீதம். மலையிறங்கிக் கம்பம் வந்தால் அது கிடையாது. அப்புறம் 2025 செப்டம்பர் 22 அன்று ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் 28 சதவீதம் 18 ஆயிற்று. ஒரே கட்டத்தில் அழித்து அழித்து எழுதுகிறவர், முந்தைய நாள் விற்ற டிவி திரும்பி வந்தால் எந்த விகிதத்தில் கணக்குப் போடுவார்?

இடத்தோடும் தேதியோடும் மாறுவதற்குத் தனி அட்டவணை வேண்டும்: மாநிலக் குறியீடு (கேரளம் 32, தமிழ்நாடு 33), பொருள் வகை, வரியின் பெயர், விகிதம், தொடங்கும் நாள், முடியும் நாள். விகிதம் மாறினால் பழைய வரிசையில் முடியும் நாளை மட்டும் நிரப்பிவிட்டுப் புது வரிசை சேருங்கள். விற்ற அன்றைய விகிதத்தைப் பில்லிலும் பதிந்துவையுங்கள். இரட்டை வேலை என்று முகம் சுளிப்பவர்கள் தணிக்கையாளர் முன்னால் உட்கார்ந்து பார்க்காதவர்கள்.

மீதி அமைப்புகளுக்கு நண்பர் சொல்வதில் பாதி சரி. உங்கள் முறையில் எண்ணுக்கு எண், தேதிக்குத் தேதி என்று தரவுத்தளமே காவல் காக்கும். ஆனால் புது அமைப்பு வரும்போதெல்லாம் அட்டவணையின் கட்டமைப்பையே மாற்ற வேண்டும். அவர் முறையில் அந்தத் தொல்லை இல்லை. பதிலாக எல்லாமே எழுத்துச்சரமாகிவிடும், அதாவது எண்ணும் தேதியும்கூட வெறும் எழுத்தாகவே சேமிக்கப்படும். தள்ளுபடி வரம்பில் யாராவது ‘பத்து’ என்று தட்டினாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

ஆகவே ஓர் அட்டவணையில் அமைப்பின் பெயர், வகை, இயல்பு மதிப்பு, குறைந்த எல்லை, கூடிய எல்லை. இன்னொன்றில் அமைப்பின் பெயர், கிளை எண், மதிப்பு, மாற்றியவர், மாற்றிய நேரம். பெயரும் கிளை எண்ணும் சேர்ந்து முதன்மைச் சாவி (primary key), அதாவது ஒரு வரிசையை அடையாளம் காட்டும் இணை. சேமிக்கும் முன் முதல் அட்டவணையைப் பார்த்து நிரல் சரிபார்க்கட்டும். குமுளியில் பில் மலையாளத்தில் வர வேண்டுமா, குமுளிக்கு ஒரு வரிசை. கூடலூருக்கு வரிசை இல்லையென்றால் இயல்பு மதிப்பு. மூன்று கிளைக்கும் ஒரே மதிப்பைப் படியெடுத்து வைக்காதீர்கள். பிறகு எது வேண்டுமென்றே வைத்தது, எது சும்மா கிடப்பது என்று உங்களுக்கே தெரியாது.

‘எல்லாக் கிளைக்கும்’ என்று குறிக்கக் கிளை எண்ணை வெறுமையாக (NULL) விட்டு, ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் தனித்துவக் கட்டுப்பாட்டை (unique) நம்பி இருப்பவர்கள் உண்டு. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள்களில் முன்னதிலும், தனியாகச் சொன்னாலொழிய பின்னதிலும், ஒரு வெறுமை இன்னொரு வெறுமைக்குச் சமமில்லை. ஒரே அமைப்புக்கு இரண்டு பொது வரிசைகள் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். வெறுமைக்குப் பதிலாகக் கிளைப் பட்டியலில் 0 என்று ஒரு ‘பொதுக் கிளை’யைச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: தரவுத்தளத்தின் கடவுச்சொல்லையும் அமைப்பு அட்டவணையிலேயே வைக்கலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டுவீர்களா, அம்மா? சர்வரில், மென்பொருள் இயங்கும் கணக்கு மட்டுமே படிக்கக்கூடிய கோப்பில் வையுங்கள். நிரலின் பழைய வடிவங்களையெல்லாம் சேமித்து வைக்கும் கிட்டில் (Git) அந்தக் கோப்பு ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஏறியிருந்தால் கோப்பை அழிப்பதோடு விடாமல் கடவுச்சொல்லையே மாற்றுங்கள்.