கோச் ஆகவா, துபாய்க்குப் போகவா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 24. பாறசாலைக்குப் பக்கத்தில் வீடு. அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. வீட்டில் பேசுவது தமிழ். ஏழு வருஷமாக மார்த்தாண்டத்தில் ஒரு ஜிம்மில் கிக்பாக்ஸிங் பழகுகிறேன். மாநில அளவில் மூன்று தங்கம், தேசிய அளவில் ஒரு வெள்ளி. போன வருஷம் வலது முழங்காலில் ஏ.சி.எல். என்ற உள்நார் கிழிந்தது. ஆபரேஷன் முடிந்து ஆறு மாசம் ஆகிறது. அடுத்த மாசம் ஒரு போட்டி இருக்கிறது, இறங்கு என்கிறார் கோச். 'போதும், துபாயில் சித்தி சொல்லும் கடை வேலைக்குப் போ' என்கிறாள் அம்மா. எனக்கோ சொந்தமாக வகுப்பு தொடங்கி, பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை. என் தாத்தா, அடிமுறை என்ற நம் பக்கத்துப் பழைய சண்டைக்கலையின் ஆசான். அவர் பயிற்சி கொடுத்த களரி பத்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. பெரிய சாம்பியன் ஆகாமல் கோச் ஆனால் யாராவது மதிப்பார்களா? (பெயர் வேண்டாம், பாறசாலை)

பதில்: மகளே, நீ கேட்டிருப்பதில் தேதி குறித்து நிற்பது அடுத்த மாதப் போட்டிதான். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இறங்காதே.

ஏ.சி.எல். ஆபரேஷனில் பெரும்பாலும் கிழிந்த நாரையே தைத்துவிடுவதில்லை. தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முழங்கால் சிப்பியின் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். அது அங்கே பிடித்து, உறுதியாகி, பழைய நாரின் வேலையைச் செய்ய மாதக்கணக்கில் ஆகும். படி ஏறுகிறேன், ஓடுகிறேன், வலி இல்லை என்பதால் அது ஆறிவிட்டது என்று எண்ணாதே. ஒன்பது மாதத்துக்கு முன்பே குதிப்பும் திருப்பமும் உள்ள விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு அது மறுபடி கிழியும் ஆபத்து மிக அதிகம். நம் விளையாட்டிலோ ஊன்றிய காலில் திரும்பாமல் உதையே இல்லை. நீ எந்தப் பிரிவில் ஆடுகிறாய் என்று எழுதவில்லை. ஃபுல் கான்டாக்ட் என்றால் உதை இடுப்புக்கு மேலேதான் வரும். லோ கிக், கே-1 என்றால் எதிராளியின் கீழ்க்கால் எலும்பு நேராக உன் தொடையில் வந்து இறங்கும். ஒன்பது மாதம் என்பதும் குறைந்தபட்சக் கணக்குதான். பிசியோதெரபிஸ்ட்டிடம் இரண்டு காலின் பலத்தையும் அளந்து பார்க்கச் சொல். அடிபட்ட காலில் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும். ஒற்றைக் காலில் தாவும் தூரமும் அப்படியே. இதைச் சொன்னதும் கோச் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும், கால் உன்னுடையது.

அமெரிக்காவில் பில் வாலஸ் என்று ஒருவர். ஜூடோ பழகும்போது வலது முழங்கால் கெட்டுப்போனது. அதன்பிறகு உதைக்க இடது காலை மட்டும்தான் நம்பினார். 1974இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஃபுல் கான்டாக்ட் கராத்தே உலகப் போட்டியில் பட்டம் வாங்கினார், 1980இல் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றார். அப்புறம் பல பத்தாண்டுகள் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். கெட்ட காலோடு அவரைப்போல் மேடை ஏறு என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிற உடம்பை வைத்து என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து யோசித்த மனிதர் அவர். அந்த யோசனைதான் ஒரு கோச்சுக்கு வேண்டியது.

உன்னிடம் மூன்று தங்கம் இருக்கிறது. வாசலில் போர்டு வைக்க அது போதும். அதற்கு மேல் எத்தனை பதக்கம் சேர்ந்தாலும் வகுப்பு நடத்த அவை துணைக்கு வராது. ஜெயிக்கிறவளின் உடம்புக்குத் தான் செய்வது எப்படி என்று தெரியாது, அது பாட்டுக்குச் செய்யும். உன் முன்னால் ஒரு பதினொரு வயதுப் பிள்ளை நின்று, ரவுண்ட்ஹவுஸ் என்ற சுழற்றும் உதை உதைக்கும்போது ஊன்றிய பாதத்தைத் திருப்ப மறந்துகொண்டே இருந்தால், 'திருப்பு, திருப்பு' என்று கத்துவதில் பயன் இல்லை. அவளுக்கு எந்தச் சொல் புரியும் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கற்க இதைவிட நல்ல காலம் உனக்கு வராது. இப்போது நீயே ஒவ்வொரு அசைவையும் குழந்தைபோல் மெதுவாகத் திரும்பப் பழகுகிறாய். டாக்டர் சம்மதித்தால், போட்டிக்குப் போகாத இந்த மாதங்களில் ஜிம்மில் சின்னவர்கள் குத்திப் பழக ஃபோகஸ் மிட் என்ற கைத்திண்டைப் பிடி. யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வை. காஷ்மீரின் பந்திபோராவைச் சேர்ந்த தஜமுல் இஸ்லாம் தெரியுமா? 2016இல் இத்தாலியில், எட்டு வயதில் உலக சப்-ஜூனியர் தங்கம் வாங்கிய பிள்ளை. 2021இல் கெய்ரோவில் இன்னொரு தங்கம். ஆடிக்கொண்டிருக்கும்போதே தன் ஊரில் பயிற்சிக்கூடம் தொடங்கி, மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டாள். ஆட்டம் முடிந்த பிறகுதான் கோச் ஆக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

இனி தாத்தாவின் களரிக்கு வருகிறேன். உன் கடிதத்தில் அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பழைய ஆசான்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு என்ற கால்வைப்புப் பாடங்களைக் கற்றுக்கொடுத்த அதே கை, விழுந்து கைமூட்டு விலகியவனுக்கு எண்ணெய் போட்டுத் தடவிக் கட்டுப்போடும். வர்மத்தில், அதாவது உடம்பின் உயிர்நிலைப் புள்ளியில், அடி பட்டவனை எழுப்பும் அடங்கல், இளக்குமுறை என்ற மீட்பு முறைகள் தெரியாதவனை எங்கள் ஊரில் ஆசான் என்று கூப்பிட மாட்டார்கள். அடிக்க மட்டும் தெரிந்தவனுக்கு வேறு பெயர் உண்டு. உன் தாத்தாவிடமிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். சுவட்டின் கால்வைப்பு உன் கிக்பாக்ஸிங் நிலைக்கு உதவும், அதைத் தாராளமாக எடுத்துக்கொள். வர்ம அடியை ரிங் பக்கம் கொண்டு வராதே. அது விதிக்கும் பொருந்தாது, பிள்ளைகளிடம் அதைக் காட்டிப் பெருமை பேசுவதும் ஆபத்து. ஆனால் அடி சொல்லித்தருகிறவள் அடிபட்டால் என்ன செய்வது என்றும் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்ற அந்தக் களரி நியாயம் இல்லாமல் வகுப்பைத் திறக்காதே.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அதில் தவறியவன். முப்பது வருஷம் பி.டி. சாராக இருந்தேன். ஒரு கபடி இறுதிப் போட்டியில் எங்கள் பையன் ஒருவனுக்கு எதிராளியின் முழங்கால் தலையில் பட்டது. எழுந்து நின்றான், 'ஒண்ணும் இல்லை சார்' என்றான். நான் முகத்தில் தண்ணீர் தெளித்து மறுபடி இறக்கிவிட்டேன். ஜெயித்தோம். ராத்திரி பதினொரு மணிக்கு அவன் அப்பா என் வீட்டுக் கதவைத் தட்டினார். பையன் வாந்தி எடுக்கிறான், பேச்சு குழறுகிறது. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு ஜீப்பில் கொண்டுபோனோம். பிழைத்தான். இன்று அவனுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்த ஜீப்பில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போன ஒரு மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

நீ சொல்லிக்கொடுக்கப் போவது தலையில் அடி விழுகிற விளையாட்டு. 2022இல் பெங்களூருவில் ஒரு கிக்பாக்ஸிங் போட்டியில் அடிபட்டு மைசூருப் பையன் ஒருவன் இறந்தான். அங்கே முதலுதவிக்கு ஆள் இல்லை என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். அடுத்த வருஷமே சென்னையில் தேசியப் போட்டிக்கு வந்த அருணாசலப் பிரதேச வீரர் ஒருவரும் அடிபட்டு இறந்துபோனார். உன் அம்மாவின் பயம் சும்மா வந்த பயம் அல்ல. ஆகவே சில விஷயங்களை இப்போதே முடிவு செய்துகொள். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, 'ஒண்ணும் இல்லை அக்கா' என்று அழுதாலும் சரி. தலைவலி கூடினாலோ வாந்தி, குழறல், அசாதாரணத் தூக்கம் வந்தாலோ நேரே ஆஸ்பத்திரி, தாத்தாவின் எண்ணெயும் வேண்டாம், காலையில் பார்க்கலாம் என்ற பேச்சும் வேண்டாம். டாக்டர் சொல்லும் வரை ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டை இல்லை. சின்னப் பிள்ளைகளைத் தலையில் அடிக்க விடாதே. அவர்களுக்குப் பேடும் பேகும் கால்வைப்பும் போதும், புள்ளிக்காக மெல்லத் தொட்டு ஆடும் பாயின்ட் ஃபைட்டிங் பிறகு வரட்டும். பெற்றோர் ஒருவர் எப்போதும் வகுப்பில் உட்கார்ந்திருக்கட்டும். 2012இல் வந்த போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்றும் படித்து வை. பிள்ளைகள் உன்னிடம் வந்து எதையாவது சொல்லும் நாள் வரும், அப்போது போலீஸில் தெரிவிக்க வேண்டிய கடமை உனக்கும் உண்டு.

எடை குறைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். போட்டிக்கு முந்தின நாள் தண்ணீர் குடிக்காமல், பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடி வியர்த்து எடையைத் தள்ளுகிறார்கள். நீயும் செய்திருப்பாய். 2015இல் சீனாவைச் சேர்ந்த ஒரு எம்.எம்.ஏ. (கலப்புச் சண்டைக்கலை) வீரர் இப்படி எடை குறைக்கும்போதே இறந்தார், வயது 21. வளரும் பெண்பிள்ளைகளிடம் இந்தப் பழக்கத்தைக் காட்டவே கூடாது. மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை அதைச் சாப்பிட்டபடியே எந்த எடையில் நிற்கிறாளோ அந்தப் பிரிவில் ஆடட்டும்.

சரி, படிப்பு. கிக்பாக்ஸிங்கை உலக அளவில் நடத்தும் வாக்கோ அமைப்புக்கு 2021இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி முழு அங்கீகாரம் கொடுத்தது. ஆனாலும் ஒலிம்பிக் போட்டிகளில் கிக்பாக்ஸிங் இல்லை. இந்த வித்தியாசம் உன் வேலைவாய்ப்பில் வந்து இடிக்கும். அரசு வேலைகளில் தமிழ்நாடு 3 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்குகிறது. எந்த விளையாட்டு, எந்த அமைப்பு நடத்திய போட்டி என்பதை ஒவ்வொரு அறிவிப்பிலும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று நம் எல்லைக்காரர்களுக்கே உரிய சிக்கல். வீடு கேரளத்தில், பயிற்சி தமிழ்நாட்டில். உன் மூன்று தங்கமும் எந்த மாநிலத்தின் பெயரில் இருக்கிறது? முகவரி ஒன்று, பதக்கம் இன்னொன்று என்றால் இரண்டு பக்கமும் கைவிரிப்பார்கள். அடுத்த பதிவுக்கு முன் அதை ஒழுங்குபடுத்து.

கோச் என்ற பெயருக்கு உறுதியான அடிப்படை வேண்டுமானால், பாட்டியாலாவில் 1961 முதல் இயங்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் குத்துச்சண்டைக்குப் பயிற்சியாளர் டிப்ளமா இருக்கிறது. உன் குத்து வேலைக்கு அது நேராக உதவும். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. உடற்கல்விப் பட்டம் கையில் இருந்தால் பள்ளிக்கூட வேலைக்கும் வழி திறக்கும், மாலையில் வகுப்பும் நடத்தலாம். நான் என் மகளுக்குச் சொல்வதாக இருந்தால் இந்த வழியைத்தான் சொல்லியிருப்பேன்.

பணக் கணக்கையும் போட்டுப் பார். இருபது பிள்ளைகள், தலைக்கு மாதம் 500 ரூபாய் என்றால் 10,000. அதில் வாடகை போனால் மிச்சம் எவ்வளவு? தாத்தாவின் களரி உனக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று அப்போது தெரியும். கூரையைச் சரிசெய், தரைக்கு மேட் போடு, கீழ்க்காலைக் காக்கும் நல்ல ஷின் கார்டும் ஹெல்மெட்டும் வாங்கு. மவுத் கார்டு அவரவர் சொந்தம், ஒருவருடையதை இன்னொருவர் போடக் கூடாது.

துபாயைப் பற்றி அம்மாவோடு சண்டை போடாதே. அங்கேயும் ஜிம்கள் இருக்கின்றன, பெண்களுக்குப் பெண் கோச் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்களும் இருக்கின்றன. ஆனால் இப்போது போனால் கடைப் பெண்ணாகப் போவாய். இரண்டு வருஷம் கழித்து, டிப்ளமாவும் முதலுதவிச் சான்றிதழும் ஆறின காலுமாகப் போனால் கோச்சாகப் போகலாம். அந்த இரண்டு வருஷத்தைத்தான் நீ அம்மாவிடம் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் கிடைக்காது. அடுத்த தடவை பிசியோதெரபிஸ்ட்டிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. அடுத்த மாசம் நீ இறங்கப் போவதில்லை என்பதை அங்கே, அவள் முன்னாலேயே சொல். பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு என்பதைத் தாத்தாவிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டுக் களரிச் சாவியைக் கேள். முதல் நாள் விளக்கை அவரே ஏற்றட்டும்.