நாளைய வேலை ஒரே தாளில்: வாசகர் கேள்வி – பதில்

மைண்ட் மேப் என்கிற மனவரைபடத்தை (நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து கிளை கிளையாகப் பிரியும் வேலைகள்) வைத்து ஒரு நாளின் வேலைகளைத் திட்டமிடுவது பற்றி கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மாமியாருக்கு மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரி. காலையில் லிஸ்ட் எழுதினால் 20 வரி வந்துவிடுகிறது, பார்த்ததுமே மலைப்பாக இருக்கிறது. மைண்ட் மேப் போடச் சொல்கிறார்கள். லிஸ்ட்டுக்கும் அதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?
– வாசகி, முதலியார்பேட்டை

லிஸ்ட், ஞாபகம் வந்த வரிசையில் வளரும். 3-வது வரியில் ‘ஹூக் வாங்க’ இருக்கும், 14-வது வரியில் ‘மாமியார் மாத்திரை’ இருக்கும். இரண்டும் நேரு வீதிப் பக்கம் போனால் முடிகிற வேலைதான். ஆனால் நடுவில் பத்து வரி இருப்பதால் கண்ணில் சேர்ந்து படாது, ஒரே நாளில் ஒரே தெருவுக்கு இரண்டு நடை ஆகிவிடும். மைண்ட் மேப்பில் ‘நேரு வீதி’ என்று ஒரு கிளை போட்டால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மலைப்புக்கும் காரணம் உண்டு. மனசு ஒரே சமயத்தில் ஏழு விஷயங்களை, ஒன்றிரண்டு முன்னே பின்னே, நிறுத்தி வைத்துக்கொள்ளும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதினார். 2001-ல் நெல்சன் கோவன் அந்தக் கணக்கை நான்கு அளவுக்குக் குறைத்தார். 20 வரி அதில் அடங்காது. நான்கைந்து கிளை அடங்கிவிடும்.

முந்தின நாள் இரவு, அடுப்படி வேலை முடிந்த பிறகு பத்து நிமிஷம் போதும். கோடு போடாத ஏ4 தாளைப் படுக்கை வசத்தில் வையுங்கள். நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வட்டம். அதற்குள் தேதி, கிழமை, அன்றைக்கு நகர்த்தவே முடியாத ஒரு வேலை: ‘வியாழன், காலை 9, ஆஸ்பத்திரி’ என்பதுபோல. வட்டத்திலிருந்து நான்கு அல்லது ஐந்து தடித்த கோடுகள். கோட்டுக்கு மேலேயே பெயர் எழுதுங்கள்.

பெயர் வைப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ‘அம்மா’, ‘மருமகள்’, ‘தொழில்’ என்று பொறுப்புகளை எழுதிவிடுகிறார்கள். பொறுப்பு எந்நேரமும் கூடவே இருப்பது, அதை முடித்து டிக் அடிக்க முடியாது. கால் போய் நிற்கிற இடத்தையும் கை தொடுகிற சாமானையும் எழுதுங்கள்: அடுப்படி, மெஷின், போன், நேரு வீதி, ஆஸ்பத்திரி. நேரு வீதியில் இறங்கி நிற்கும்போது அந்த ஒரு கிளையைப் பார்த்தால் போதும், மற்ற நான்கையும் மறந்துவிடலாம்.

மெஷின் கிளையை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம். ‘பச்சை பிளவுஸ், வெள்ளி டெலிவரி’ என்று ஒரு சிறு கிளை. அதோடு நிறுத்தினால் அது பழைய லிஸ்ட்தான். அதன் நுனியில் வேலையை உடைத்து எழுதுங்கள்: லைனிங் நனைக்க, காய, அயர்ன், வெட்ட, தைக்க, ஹூக், ஹெம்மிங். எழுதும்போதே இரண்டு சங்கதி பிடிபடும். காட்டன் லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் வெட்டினால், முதல் சலவையில் உள்துணி சுருங்கி மேல்துணியை இழுக்கும். அதனால் நனைப்பது இன்று இரவு வேலை. நாளைக் காலையில் நனைத்தால், நம் ஊர்க் கடல்காற்று ஈரத்தில் அது காய்ந்து வரும்வரை மெஷின் சும்மா நிற்கும். இன்னொன்று, ஹூக் வீட்டில் தீர்ந்துபோயிருக்கிறது. ‘ஹூக்’ நுனியிலிருந்து ‘நேரு வீதி’ கிளைக்குப் புள்ளிக்கோட்டில் ஓர் அம்புக்குறி போடுங்கள். எது முடியாமல் எது தொடங்காது என்பதை இந்தப் புள்ளிக்கோடுகள் காட்டும், லிஸ்ட்டில் அதற்கு இடமே கிடையாது. இவை இல்லாத மைண்ட் மேப்பை நாள் திட்டத்துக்கு நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக தினமும் மைண்ட் மேப் போடுகிறேன். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாலையில் பாதி வேலை அப்படியே மிச்சம். எங்கே தப்பு செய்கிறேன்?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

நீங்கள் அனுப்பிய தாளில் எங்கேயும் நேரம் இல்லை. மைண்ட் மேப்பின் பெரிய குறை இதுதான்: என்னென்ன வேலை என்று காட்டும், எவ்வளவு நேரம் என்று காட்டாது. ‘பாக்கி வசூல் போன்’ என்ற நுனியும் ‘புதுச்சேரி சரக்கு’ என்ற நுனியும் தாளில் ஒரே நீளம். ஒன்று அரை மணி, மற்றொன்று அரை நாள்.

ஒவ்வொரு நுனியிலும் நிமிஷத்தை எழுதி வட்டம் போடுங்கள். ‘இவ்வளவு நேரத்தில் முடியணும்’ என்கிற கணக்கு வேண்டாம், போன தடவை உண்மையில் எவ்வளவு ஆனதோ அதை எழுதுங்கள். முன்பு தாமதமானது தெரிந்திருந்தும் அடுத்த வேலைக்குக் குறைவாகவே நேரம் போடுவது மனித சுபாவம். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதை எடுத்துக் காட்டி, ‘திட்டமிடல் பிழை’ என்று பொருள்படும் பெயரும் வைத்தார்கள்.

உங்கள் தாளையே எடுத்துக்கொள்வோம். புதுச்சேரிக்கு பஸ்ஸுக்குக் காத்திருக்க 15, பயணம் 60, இறங்கி நடக்க 10, ஆக ஒரு வழிக்கு 85. போக வர 170, சரக்கு எடுக்க 45, மொத்தம் 215 நிமிஷம். ஜிஎஸ்டி கணக்கு 60, வங்கி 45, ஸ்டாக் எண்ண 90, வசூல் போன் 30, பில் புத்தகம் அச்சடிக்கக் கொடுக்க 15. கூட்டினால் 455. காலை 9 முதல் மாலை 6 வரை 540 நிமிஷம். சாப்பாடு, டீக்கு 60 போனால் 480. அதில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 320-ஐ மட்டுமே நிரப்புங்கள். மிச்சம் வாடிக்கையாளருக்கும் எதிர்பாராததற்கும். 135 நிமிஷம் அதிகம் இருக்கிறது. ஸ்டாக் எண்ணுவதையும் வங்கியையும் நாளைத் தாளுக்குத் தள்ளினால் சரியாக 320. காலையிலேயே தள்ளிவிடுங்கள். மாலையில் தானாக மிச்சமாவது வேறு, நீங்களாகத் தள்ளுவது வேறு.

அடுத்தது வரிசை. தாளின் வலது ஓரத்தில் 4 செ.மீ. அகலம் விட்டு, மேலிருந்து கீழாக ஒரு நேரக்கோடு இழுங்கள். காலை 6 முதல் இரவு 10 வரை 16 மணி நேரம், மணிக்கு 1 செ.மீ. ஏ4 தாளின் 21 செ.மீ. உயரத்தில் தாராளமாக அடங்கும். நகர்த்த முடியாத, நேரம் குறித்த வேலையை முதலில் அதில் ஏற்றுங்கள். பிறகு, நாம் கொடுத்துவிட்டு வந்தால் மற்றவர் கையில் ஓடுகிற வேலை: பில் புத்தகத்தை அச்சகத்தில் கொடுப்பது போன்றது. அது 15 நிமிஷம்தான், ஆனால் மாலையில் கொடுத்தால் ஒரு நாளே தள்ளிப்போகும். கடைசியில் மற்றவை.

புதுச்சேரியில் பல கடைகள் மதியம் 1 மணி வாக்கில் சாத்தி 4 மணிக்குத்தான் திறக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆனால் 11:45-க்குக் கிளம்பினால் 1:10-க்கு மூடிய ஷட்டர் முன்னால் நிற்போம் என்பது நேரக்கோட்டில் ஏற்றிப் பார்த்தால்தான் உறைக்கும். 9 மணிக்குக் கிளம்பினால் 12:35-க்கு மஞ்சக்குப்பம் திரும்பிவிடலாம்.

அலுவலகத்தில் 10 மணிக்குள் நாலு போன், இரண்டு ‘அவசரம்’. போட்ட படம் குலைந்துபோகிறது. மறுபடி வரையவா?
– வாசகி, வில்லியனூர்

வரைய வேண்டாம். பகலில் படத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தால் அதுவே ஒரு வேலையாகிவிடும். இரவு வரையும்போதே இடது கீழ் மூலையில் ஒரு கிளையை வெறுமையாக விடுங்கள். பெயர் ‘குறுக்கே வந்தவை’. வருகிற எதையும் அங்கே இரண்டு வார்த்தையில் எழுதி, பக்கத்தில் ‘இன்று’ அல்லது ‘நாளை’ என்று குறியுங்கள். ‘இன்று’ என்று ஒன்று நுழைந்தால், கிட்டத்தட்ட அதே நிமிஷமுள்ள ஒன்று படத்திலிருந்து வெளியே போக வேண்டும். இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் அந்தக் கிளை மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

பாதியில் எழுந்து போகும்போது, அந்த நுனியில் ஒரு புள்ளி வைத்து அடுத்த சின்னச் செயலை எழுதிவிட்டு எழுந்திருங்கள். ‘அறிக்கை’ என்று எழுதினால் உதவாது, ‘அறிக்கை: 3-ம் பக்கம், அட்டவணையில் மார்ச் தொகை’ என்று எழுதுங்கள். முடிக்காத வேலை முடித்த வேலையைவிட மனசில் அதிகம் தங்குகிறது என்று உளவியலாளர் ப்ளூமா செய்கார்னிக் 1927-ல் சொன்னார். பிற்காலப் பரிசோதனைகளில் அது எல்லா இடத்திலும் அதேபோல் வரவில்லை. ஆனால் 2011-ல் உளவியலாளர்கள் மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் காட்டியது நமக்கு நேரடியாகப் பயன்படும்: விட்டுவந்ததை எப்போது, எப்படித் தொடரப்போகிறோம் என்று திட்டமாகத் தீர்மானித்துவிட்டால், வேலை முடியாமலே அதன் அரிப்பு குறைகிறது.

இரண்டு வேலையை ஒன்றாகப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கை வேலையோடு காத்திருக்கும் வேலையைச் சேர்க்கலாம்: பிரிண்டர் ஓடும்போது கோப்பு அடுக்குவது சரி. போனில் பேசிக்கொண்டே மெயில் எழுதுவது கூடாது, இரண்டுமே வார்த்தை கேட்கிற வேலை.

மொபைல் ஆப் நல்லதா, தாள் நல்லதா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

ஒரு நாளுக்குத் தாள். மொபைல் திரையில் இரண்டு மூன்று கிளைக்கு மேல் ஒரே பார்வையில் தெரியாது, முழுசாகப் பார்ப்பதற்காக வரைந்ததன் பயனே போய்விடும். தாளை போட்டோ எடுத்து லாக் ஸ்கிரீனில் வைத்துக்கொண்டால் வெளியே போகும்போது உதவும். கல்யாண ஏற்பாடு, கடைத் திறப்பு போல வாரக்கணக்கில் நீள்வதற்குக் கணினி வசதி. ஃப்ரீபிளேன் என்கிற மைண்ட் மேப் மென்பொருள் இலவசம், நெட் இல்லாமலும் ஓடும், யூனிகோட் தமிழில் தட்டலாம், கிளைகளை மடக்கி விரிக்கலாம்.

பல கலரில், வளைந்த கோட்டில்தான் போட வேண்டுமா?
– மாணவி, லாஸ்பேட்டை

இன்றைக்குள்ள வடிவத்தைப் பரப்பிய டோனி புசான், 1974-ல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் மூலம் பிரபலமானவர், அப்படித்தான் சொன்னார்: நடுவில் படம், வளைந்த கிளை, கிளைக்கு ஒரு சொல், நிறைய நிறம். பாடத்தை மனசில் ஏற்ற அது உதவலாம். நாள் திட்டத்துக்கு ‘ஒரு சொல், மிஞ்சினால் மூன்று’ என்ற விதி மட்டும் கட்டாயம். கிளையில் வாக்கியம் எழுதத் தொடங்கினால் தாள் கால் மணியில் நிரம்பிவிடும். நிறம் மூன்று போதும்: நேரம் குறித்த வேலைக்குச் சிவப்பு, நகர்த்தக்கூடியதற்கு நீலம், வேறொருவர் செய்ய வேண்டியதற்குப் பச்சை.

அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துத் தெருவில் விற்கிறார். எழுதப் படிக்க வராது. அவருக்கும் இது ஆகுமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

அவருக்குத்தான் ரொம்ப நன்றாக ஆகும். பள்ளிக்கூட சிலேட்டும் சாக்பீஸும் வாங்கிக் கொடுங்கள். நடுவில் ஒரு மீன். சுற்றிலும் படகு, ஐஸ் பெட்டி, ஆட்டோ, கூடை, ரூபாய் நாணயம். அந்தப் படங்களை அம்மாவே வரையட்டும், நீங்கள் வரைந்தால் அது உங்கள் ஞாபகமாகத்தான் இருக்கும். எத்தனை கூடை என்பதற்கு அத்தனை கோடு. பாக்கி வைத்த வீட்டுக்கு அந்த வீட்டு அடையாளம்: வேப்பமரம், நீலக் கதவு, நாய். வாங்கியதும் அழித்துவிடலாம்.

ஐஸ் பெட்டியிலிருந்து கூடைக்கு ஓர் அம்புக்குறி முக்கியம். ஏலம் முடிந்தபிறகு ஐஸ் தேடிப் போனால், அந்த நேரத்துக்கு மீன் வெயிலில் கிடக்கும். ஐஸ் முதலில், ஏலம் பிறகு என்பதை அந்த அம்புக்குறி தினமும் சொல்லும். சுவரில் பெயிண்டில் நிரந்தரமாக வரைந்துவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக் கிளை மெலிந்து, கருவாடு வேறு கிளையாக வரும்.

ஒரே வேலை நாலு நாளாக ஒவ்வொரு தாளிலும் வந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்ய?
– வாசகர், அரியாங்குப்பம்

மூன்றாவது நாளே நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு வேலையாக இருக்காது. ‘பட்டா மாற்றம்’ என்பது ஆறேழு வேலை, அதன் முதல் நுனி ‘பீரோவில் மூலப் பத்திரம் எடுக்க, 10 நிமிஷம்’. அதை மட்டும் நாளைத் தாளில் எழுதுங்கள். உடைத்தும் நகரவில்லை என்றால், அடுத்தவரிடமிருந்து ஏதோ ஒன்று வர வேண்டியிருக்கிறது. அதைப் பச்சையில் எழுதி ‘போன்’ கிளைக்கு மாற்றுங்கள். இரண்டும் இல்லை என்றால் வாரக் கடைசிக்கு என்று தனித் தாளில் எழுதி வைத்துவிட்டு, நாள் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பழைய தாள்களைக் கிழித்துப் போடாதீர்கள். உண்மையில் ஆன நிமிஷத்தைப் பின்பக்கம் குறித்து ஒரு கிளிப்பில் கோத்து வையுங்கள். இரண்டு வாரம் சேர்ந்தால், அடுத்த முறை வட்டத்துக்குள் எந்த எண் போடுவது என்று அதைப் புரட்டிப் பார்த்தே எழுதிவிடலாம்.