பிறந்த வீட்டுக்குப் பணம் அனுப்பலாமா?

கேள்வி: திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நானும் கணவரும் நகரத்தில் வேலை பார்க்கிறோம். ஊரில் மாமனார், மாமியாரோடு கணவரின் அண்ணன், அண்ணி, அவர்கள் குழந்தை இருக்கிறார்கள். மாதந்தோறும் அங்கே பணம் அனுப்புகிறோம். என் பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை. அவர்களுக்கும் அனுப்பலாம் என்றால், "அப்படி வழக்கமில்லையே" என்கிறார் கணவர். சேமிப்பும் நிற்பதில்லை. என்ன செய்வது?

பதில்: அனுப்புங்கள். இதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை. மகன்தான் பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்ற வழக்கம், வீடும் நிலமும் மகனுக்கே போன காலத்தில் உருவானது. சொத்தோடு பொறுப்பும் சேர்ந்து வந்தது. அன்று மகளின் கையில் தனி வருமானம் இல்லை. உங்கள் வீட்டிலோ இரண்டு சம்பளம் வருகிறது. உங்கள் பெற்றோருக்கு உங்களை விட்டால் வேறு யார்?

சேமிப்பு நிற்கவில்லை என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். குடும்பம் இரண்டு வீடானாலே செலவு ஏறும். ஆள் கூடும் அளவுக்குச் செலவு கூடாது, ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்கே கூடும் என்பது, வெவ்வேறு அளவுள்ள குடும்பங்களின் வருமானத்தை ஒப்பிடப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு கையாளும் ஒரு கணக்கு. நீங்கள் ஏழு பேரும் ஒரே வீட்டில் இருந்தால், தனியாள் செலவைப்போல ஏறக்குறைய 2.65 மடங்கு போதும். ஊரில் ஐவர், நகரத்தில் இருவர் என்று பிரிந்தால் அது 3.65 மடங்கு. இல்லாத ஓர் ஆளுக்கு மாதம் முழுக்கச் செலவழிப்பதற்குச் சமம். நகரத்தில் வாடகை கூடுதல் என்பது இதில் சேரவில்லை.

ஆகவே சம்பளம் வந்த அன்றே சேமிப்பை எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு இருவர் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்து, பெற்றோர் நால்வருக்கும் பொதுவாக ஒரு பங்கை ஒதுக்குங்கள். இரண்டு வீட்டுக்கும் சமமாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. யாருக்கு ஓய்வூதியம் இருக்கிறது, யாருக்கு மருந்துச் செலவு அதிகம் என்பதைப் பாருங்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல் அனுப்புவது மட்டும் வேண்டாம். நான் பார்த்தவரை, தொகையைவிட ஒளிவுமறைவுதான் தம்பதிகளை அதிகம் பிரிக்கிறது.

அண்ணன் குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் மாமனாருக்கு மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அவர்கள்தான். வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அவர்கள்தான். அந்த உழைப்பும் ஒரு பங்கு என்று ஏற்றுக்கொண்டு, மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை நீங்கள் முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடாதீர்கள், வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும், பாலிசி கிடைப்பதும் கடினமாகும்.

நீங்கள் கேட்காத ஒன்று: வேலையில் சேர்ந்தபோது தந்த நாமினி படிவங்களை (உங்களுக்கு ஏதாவது ஆனால் பணத்தைப் பெறுபவர் யார் என்று எழுதியவை) இருவரும் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். பலருடைய படிவத்தில் திருமணத்துக்குப் பிறகும் அம்மா அல்லது அப்பா பெயர் மட்டுமே இருக்கும். அதற்காக அவர்கள் பெயரை அடித்துவிட்டுத் துணையின் பெயரை எழுதினால், உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் கைவிடப்படுவார்கள். விதிகள் இடம் கொடுத்தால் துணைக்கும் பெற்றோருக்கும் பங்கு பிரித்து எழுதுங்கள். டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, எவ்வளவு தொகைக்கு வேண்டும் என்று கணக்கிடும்போதும் பெற்றோருக்கு அனுப்பும் பணத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.