சிகிச்சை முடிந்தது, அடுத்து எங்கே தங்குவது? மீட்பு இல்லங்கள் பற்றிச் சில கேள்விகள்

போதையிலிருந்து மீண்டு வருபவர்கள் தங்கும் இடைக்கால இல்லங்கள் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

என் கணவர் ஒரு மாதம் உள்நோயாளியாக இருந்து குடியை நிறுத்திவிட்டார். இப்போது மூன்று மாதம் ஓர் இல்லத்தில் தங்கச் சொல்கிறார்கள். குணமானவர் ஏன் நேரே வீட்டுக்கு வரக்கூடாது?

வரக்கூடாது என்று இல்லை. ஆனால் அந்த ஒரு மாதம் குடிக்காமல் இருந்தது அவர் தனியாகச் செய்த காரியமல்ல. பூட்டிய கதவும், நர்ஸும், நேரத்துக்கு வந்த சாப்பாடும் சேர்ந்து செய்தது. வெளியே வந்ததும் மாலை ஆறரை மணி என்று ஒன்று வரும். வேலை முடிந்திருக்கும், பையில் பணம் இருக்கும், பழைய கூட்டாளி ஃபோன் செய்வார். அந்த நேரத்தைத் தினமும் கடந்து பழகுவதற்குத்தான் இந்த இல்லம். அங்கே சிகிச்சை பெரிதாக எதுவும் நடக்காது. காலையில் வேலைக்குப் போவார், வாடகையில் தன் பங்கைக் கட்டுவார், முறை வந்தால் பாத்ரூம் கழுவுவார், இரவு குறித்த நேரத்துக்குள் திரும்பிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். இதுவா மருந்து என்று கேட்பீர்கள். 1975-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் இல்லங்களில் வார்டன்கூடக் கிடையாது, தங்குபவர்களே ஓட்டுப் போட்டு நடத்துகிறார்கள். சிகிச்சை முடித்த 150 பேரில் பாதிப் பேரை அங்கேயும் மீதிப் பேரை வழக்கமான தொடர்கவனிப்புக்கும் அனுப்பி ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2006-ல் வெளிவந்தன. இரண்டு ஆண்டு கழித்து, இல்லத்துக்குப் போனவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் போதையைத் தொட்டிருந்தார்கள். மற்றவர்களில் சுமார் 65 சதவீதம்.

வீட்டில் வேறு யாரும் குடிப்பதில்லை, அவருக்கு வேலை இருக்கிறது, வெளிநோயாளியாகச் சிகிச்சை தொடரும் என்றால் வீட்டுக்கும் வரலாம். ஆனால் உங்களையும் கணக்கில் சேருங்கள். மூன்று மாதம் அவர் வாயை முகர்ந்து பார்க்காமல் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவதும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான்.

நல்ல இல்லம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போய்ப் பார்க்கும் எல்லா இடமும் சுத்தமாகத்தான் இருக்கிறது.

தரையைப் பார்க்காதீர்கள். பொறுப்பாளரிடம் இதைக் கேளுங்கள்: "இங்கே தங்கும் ஒருவர் போதையில் திரும்பி வந்தால் அன்று இரவு என்ன செய்வீர்கள்?"

"எங்கள் இடத்தில் அப்படி யாரும் செய்யமாட்டார்கள்" என்றால் கிளம்பிவிடுங்கள். எல்லா இடத்திலும் நடக்கும். "பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிடுவோம்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அதுதான் எனக்குப் பயம் தரும் பதில். ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளைச் சில வாரம் விட்டிருந்தாலே உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடும். முன்பு சாதாரணமாக எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். சறுக்கிய அந்த இரவில் ஒருவரைத் தனியாகத் தெருவில் விடுவது அவர் உயிரோடு விளையாடுவது.

விதி கடுமையாக இருப்பது தவறே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸிலும் மீண்டும் போதையைத் தொட்டவர் வெளியேற வேண்டும். மற்றவர்களுடைய மீட்பும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. எங்கே அனுப்புகிறீர்கள், யார் கூடப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. நல்ல பதில் இப்படி இருக்கும்: அன்று தனியாக விடமாட்டோம், இன்ன மருத்துவமனையோடு பேசி வைத்திருக்கிறோம், அவர் முன்பே எழுதிக்கொடுத்த உறவினருக்குச் சொல்லிவிடுவோம், இடம் திரும்பக் கிடைக்குமா என்பதை அப்புறம் பேசுவோம். ஓபியாய்டு பழக்கத்திலிருந்து வந்தவர்கள் தங்கும் இடம் என்றால், மூச்சை மீட்கும் நலாக்சோன் மருந்து எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பொறுப்பாளர் அலமாரிச் சாவியைத் தேட ஆரம்பித்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் விதிகளை எழுத்தில் வாங்குங்கள், கட்டியதற்கு ரசீது வாங்குங்கள். முடிந்தால் மாலையில் போய்ப் பாருங்கள், தங்கியிருப்பவர்களோடு பொறுப்பாளர் இல்லாமல் பேசுங்கள். அடிப்பது, கட்டிப்போடுவது, குடும்பத்தோடு பேசவே விடாமல் வைப்பது எதுவானாலும் அது இல்லம் அல்ல. எத்தனை பேர் அங்கே குணமானதாகச் சொன்னாலும் சரி.

ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீள மருத்துவர் தரும் புப்ரெநார்ஃபின் மருந்தை எடுக்கிறேன். அதை நிறுத்தினால்தான் இடம் தருவோம் என்கிறார்கள். "ஒரு போதைக்கு இன்னொரு போதை" என்று கிண்டல் வேறு.

வேறு இடம் தேடுங்கள், மருந்தை விடாதீர்கள். இதே சிகிச்சைக்குத் தரும் மெத்தடோனும், புப்ரெநார்ஃபினும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. இவற்றைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கு மறுபடி போதைக்குத் திரும்பும் ஆபத்தும், அளவு மீறி இறக்கும் ஆபத்தும் கூடுகின்றன. நிறுத்துவதா, குறைப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியது நீங்களும் உங்கள் மருத்துவரும். அறை வாடகைக்கு விடுபவர் அல்ல.

அவர்கள் பயத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. மாத்திரை கைமாறும், விற்கப்படும். அதற்கு வழி இருக்கிறது: பூட்டிய பெட்டி, எண்ணிக்கைப் பதிவு, பொறுப்பாளர் முன்னிலையில் எடுப்பது. இதற்கெல்லாம் நான் தயார் என்று சொல்லிப் பாருங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையில் மது இருப்பதாக வந்துவிட்டது. நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. யாரும் நம்பவில்லை.

நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். மது உடம்பில் மாறி உண்டாகும் எத்தில் குளுகுரோனைடு என்ற பொருளைத் தேடும் சோதனை, குடித்து இரண்டு மூன்று நாள் ஆன பிறகும் காட்டும் அளவுக்கு நுணுக்கமானது. அதனாலேயே ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், கை கழுவும் சானிடைசர், சில இருமல் சிரப் ஆகியவையும் குறைந்த அளவில் மாட்டிவிடக்கூடும். வெறும் பாசிட்டிவ் என்ற சொல்லோடு விடாமல் அளவைக் கேளுங்கள். அதே மாதிரியை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற துல்லியமான ஆய்வகச் சோதனையில் உறுதிசெய்யச் சொல்லுங்கள். ஸ்ட்ரிப்பில் வந்த கோட்டை மட்டும் வைத்து ஒருவரை வெளியேற்றுவது சரியல்ல.

உண்மையில் குடித்திருந்தால் இந்தப் பத்தியைக் காட்டி வாதாட வேண்டாம். இன்றைக்கே கவுன்சலரிடம் சொல்லிவிடுங்கள்.

அறைத்தோழர் ரகசியமாகப் போதை எடுக்கிறார் என்று தெரியும். சொன்னால் காட்டிக்கொடுத்தவன் ஆகிவிடுவேன்.

முதலில் அவரிடமே சொல்லுங்கள்: "இன்று இரவுக் கூட்டத்துக்குள் நீயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் நான் சொல்வேன்." ஊசி, ஓபியாய்டு என்றால் இந்தக் கெடுவும் வேண்டாம், உடனே சொல்லுங்கள். எழுப்ப முடியாத தூக்கம், குறட்டை போன்ற இழுப்பு மூச்சு, நீலம் பாரித்த உதடு, இவற்றைப் பார்த்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நலாக்சோன் இருந்தால் கொடுங்கள்.

தம்பி இன்னும் தினமும் குடிக்கிறான். நேரே இல்லத்தில் சேர்க்கலாமா?

கூடாது. பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் பிதற்றலும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவமனை, அப்புறம்தான் இல்லம்.

எவ்வளவு காலம் தங்க வேண்டும்?

மூன்று மாதத்துக்குக் குறைந்தால் பலன் குறைவு. ஆறு மாதம் தங்குபவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள். தேதியைவிட மூன்று விஷயங்களைப் பாருங்கள்: நிலையான வருமானம், போய்த் தங்க போதையில்லாத ஓர் இடம், நடுராத்திரி கூப்பிட்டால் ஃபோன் எடுக்கும் ஓர் ஆள்.

மகன் இல்லத்திலிருந்து பணம் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கொடுக்கலாமா?

கையில் கொடுக்காதீர்கள். அவனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்றால் வாடகையை நேரே இல்லத்துக்குக் கட்டி ரசீது வாங்குங்கள். அதையும் அவனிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், எத்தனை மாதம் வரை என்பதையும் சேர்த்து. வேலை கிடைத்த மாதத்திலிருந்து பாதியை அவன் கட்டட்டும். "நம்பிக்கை இல்லையா?" என்று கோபித்துக்கொள்வான். வாக்குவாதத்தில் இறங்க வேண்டாம். "வாடகை கட்டியாச்சு, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போங்கள்.